விடியல் நீலமும் வைகறை நீலமும்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் எஞ்சியிருக்கும் ஏழு பற்கள் மீது சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும் அடுத்த மாம்பழக் காலம் தொடங்குமுன் அந்த ஏழும் சோற்றுக்குள் விழட்டும். சொன்ன சொல்லுக்கு மட்டும்தான் இந்தச் சத்தியம். சொல்லாமல் விட்டதற்கு எந்தப் பல்லும் பொறுப்பேற்காது.

என் பெயர் சாமித்தம்பி. ஊர் கண்ணாவடிக்குடா, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. சூரியன் எங்கள் பக்கம் வந்து விழுவதால் எங்களைப் படுவான்கரை என்பார்கள். எதிரே எழுவான்கரை. அவர்களுக்குப் பெருந்தெரு, வங்கி, ஐஸ்கிறீம் கடை, பாலர் பாடசாலை எல்லாம் இருக்கின்றன. எங்களுக்குச் சூரியன் மறைவது நன்றாகத் தெரியும்.

அப்போது நாலு வயதுப் பிள்ளையும் தோணியேறி எதிர்க்கரைக்குப் போய்த்தான் அனா ஆவன்னா படிக்க வேண்டியிருந்தது. மற்றக் காலத்தில் அது ஒரு விளையாட்டு. மாரியில் விளையாட்டு இல்லை. ஒரு மாரியில் தோணியொன்று கரைக்குக் கிட்ட வந்து புரண்டது. தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். பிள்ளைகளுக்கு அது வேறு அளவு. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சப்பாத்துகளும் தண்ணீர்ப் போத்தல்களும் போயின. கூடப் போன கேதீஸ்வரி டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் கரையில் வைத்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அன்று தொடங்கிய எண்ணல் நிற்கவேயில்லை. கோவில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் யார் பெற்ற பிள்ளைகளானாலும் அவளுடைய விரல் தன்பாட்டில் மடியும். இருந்த இடத்தில் அவளால் இருக்க முடியாது.

அவளுடைய அலைச்சலால்தான் எங்கள் ஊருக்கே ஒரு பாலர் பாடசாலைக் கட்டடம் கிடைத்தது. அத்திவாரம் போட்டார்கள். தளம் வந்தது, தூண் வந்தது, ஓட்டுக் கூரை வந்தது, மயில் வரைந்த பெயர்ப்பலகையும் வந்தது. கதவும் சாவியும் என் பொறுப்பில் இருந்தன. நான்தான் பாலர் பாடசாலை அபிவிருத்திக் குழுத் தலைவர். தலைவரைத் தெரிவுசெய்த கூட்டத்துக்கு நான் போகவில்லை, அதனால் தெரிவானேன். ஒரு நாள் ஒப்பந்தக்காரர் சாந்துத் தட்டுகளைக் கழுவி வாகனத்தில் ஏற்றினார்.

"இதுக்கு மேல நான் கை வைக்க ஏலா டீச்சர். நிறச் சபையிட ஒப்புதல் வேணும்."

"மாரி வருகுதே."

"அத நிறச் சபைக்கிட்டச் சொல்லுங்க."

வாவியோரப் பொதுக் கட்டட நிற ஒருங்கிணைப்புச் சபை என்பது அதன் முழுப் பெயர். வாவிக்கரையில் எழும்பும் எந்தப் பொதுக் கட்டடமும் வாவியின் நிறத்தோடு முரண்படக் கூடாது என்பது அதன் நோக்கம். அதற்குமுன் எந்தக் கட்டடமாவது வாவியோடு சண்டை பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. அலுவலகம் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள், தண்ணீருக்குக் கிட்ட இருந்தது. அதன் சுவர்கள் என்ன நிறம் என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் அது பொய்ச் சத்தியமாகிவிடும்.

கேதீஸ்வரி துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் றமீஸ் எங்களைக் கண்டதும் எழும்பி நின்றார். இளம் ஆள், சட்டைப் பையில் நாலு பேனை.

"வணக்கம் சேர். நான் கண்ணாவடிக்குடா டீச்சர். சுவர் விஷயமா..."

"சுவர் விஷயமாத்தானே நாங்களும் இரிக்கம்!" அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "இரிங்க டீச்சர், ஐயா நீங்களும் இரிங்க. கனகாலமா ஒருத்தரும் வரல்ல."

மேசை லாச்சியைத் திறந்து இரண்டு அட்டைகளை எடுத்து, இரண்டு குஞ்சுகளைப் பிடிப்பதுபோல உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரண்டும் வெளிறிய நீலம். பலதடவை தோய்த்த பள்ளிக்கூடச் சட்டைக்கு நீலம் போட்டது மாதிரி ஒரு நிறம்.

"இது விடியல் நீலம். இது வைகறை நீலம். உங்கட கட்டடத்துக்கு இந்த ரெண்டும்தான் கடைசிச் சுற்றுக்கு வந்திரிக்கி."

விடியலும் வைகறையும் ஒன்றுதானே என்று கேட்க நினைப்பவர்கள் சபையின் பெயரிடல் பிரிவுக்கு எழுதலாம். கேதீஸ்வரி எழுதவில்லை, வாயாலேயே கேட்டுவிட்டாள்.

"ரெண்டும் ஒண்டுதானே சேர்?"

மேலே சுற்றிய காற்றாடி நின்றது. மின்வெட்டு என்று பிறகு சொன்னார்கள். றமீஸ் குனிந்து, "டீச்சர், அந்தக் கதைய இதுக்குள்ள கதைக்கப்படா" என்றார்.

ஆனால் உள்ளறைக்குக் கேட்டுவிட்டது. தவிசாளர் வினாயகமூர்த்தி வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, பொன்னிறக் கண்ணாடி, மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பதுபோல ஒரு நிலை.

"அம்மணி, நான் நீண்ட காலம் அரச சேவையில் இருப்பவன். இந்தச் சபையை நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து, வாவிக்கரையில் ஒரு கட்டடத்தைக்கூடத் தவறான நிறத்தில் திறக்க நான் இடம் கொடுத்ததில்லை."

"சரியான நிறத்தில எத்தினை திறந்திருக்கு ஐயா?" என்று நான் கேட்டேன். வயதானவன் கேட்டால் பதில் சொல்வார்கள்.

"ஒன்றும் திறக்கவில்லை. அதனால்தான் தவறு நேரவில்லை."

கேதீஸ்வரி தான் இருந்த கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். "சேர், மழைக்குள்ள பிள்ளையளத் தோணியில ஏத்த என்னால ஏலா. நீங்க ஒருக்கா வந்து கட்டடத்தப் பாத்தா விளங்கும். சுவர்..."

தவிசாளர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "பார்க்கவே கூடாது! சபையின் விதி அது. நிறம் தெரிவாகும் முன் கட்டடத்தைப் பார்த்தால் மனதில் ஒரு சாய்வு வந்துவிடும். பாராமல் தெரிவுசெய்வதுதான் நடுநிலை. உங்கள் கட்டடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன். அது உங்களுக்குப் பெருமை அல்லவா?"

திரும்பி வரும்போது கேதீஸ்வரி பஸ்ஸின் சன்னலால் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் வெளிறிய நீலம். எந்த நீலம் என்று நான் கேட்கவில்லை.

அடுத்ததாக எங்களூருக்கு ஒரு நிபுணர் வந்தார். கலாநிதி ஸியாம், நிற உளவியல். அவர் ஊருக்குள் நடந்து வந்த விதத்தை எங்கள் சனம் இன்னமும் நடித்துக் காட்டுகிறது. கட்டடம் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக, துறையிலிருந்து வாகை மரம் வரைக்கும் மனிதர் பின்பக்கமாகவே நடந்து வந்தார். றமீஸ் முன்னால் நின்று, "வலப்பக்கம் சேர், ஆட்டுக்குட்டி சேர்" என்று வழி சொன்னார். கட்டடத்தைத் தாண்டும்போது இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். ஆட்டுக்குட்டி தப்பியது, கலாநிதி தப்பாமல் மல்லாக்க விழுந்தார்.

அவரோடு எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் பலகைகள் வந்தன, பாதிப் பலகைகளுக்கு விடியல், மீதிப் பலகைகளுக்கு வைகறை பூசி. சின்ன மாதிரியில் நீலம் பொய் சொல்லும், பெரிய மாதிரியில்தான் உண்மை பேசும் என்றார். வாகையடியில் பலகைகளை நிறுத்தி, பிள்ளைகளை எதிரே இருத்தினார்.

"இதப் பாக்கக்குள்ள உங்கட மனசில என்ன வருது, சொல்லுங்க பாப்பம்?"

"பசி" என்றது ஒரு பிள்ளை.

"இதப் பாக்கக்குள்ள?"

"இப்பயும் பசி."

கலாநிதி எழுதிக்கொண்டார். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழும்பிப் போய் ஒரு பலகையை நக்கிப் பார்த்தாள். அவர் பேனை நின்றுவிட்டது. எந்தப் பலகை, எந்தப் பலகை என்று பதறினார். பிள்ளை அழத் தொடங்கியது. கடைசியில் அறிக்கை இப்படி வந்தது: குழந்தைகளின் ஈர்ப்பு நாவழியாக ஒரு நீலத்தை நோக்கியே வெளிப்பட்டது, எனினும் நக்கப்பட்டதால் மாதிரி களங்கமுற்றது, ஆகவே புதிய பலகைகளில் சோதனை மீண்டும் நடத்தப்பட வேண்டும்.

புதிய பலகைகள் வந்தன. ஒருமுறை பார்க்கப்பட்ட நீலம் மறுமுறை பார்க்கப்படும்போது பழகிய நீலமாகிவிடும் என்பது சபையின் இன்னொரு விதி. எனவே சுற்றுக்குச் சுற்று புதுப் பலகை. பழைய பலகைகள் எழுவான்கரைத் துறையில், பொலித்தீன் மூடி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. சபை அலுவலகத்தில் அவற்றுக்கு இடமில்லை.

"சேர், இந்தச் சோதினை எல்லாம் எப்ப முடியும்?" கேதீஸ்வரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். அப்போது வாடைக்காற்று தொடங்கிவிட்டது. தண்ணீரோரக் கண்ணா மரங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றன. அவள் கதிரையில் இருக்கவேயில்லை. "சுவர..."

"சுவரைப் பற்றி நீங்கள் ஒரு துளியும் கவலைப்பட வேண்டாம்" என்றார் தவிசாளர். "அதைத் தவிர வேறு எதைப் பற்றியும் நாங்கள் கவலைப்படுவதில்லை."

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தாள். "மாமா, நான் சொல்லுறது அவங்களுக்குக் கேக்குதா இல்லையா?"

"கேக்குது புள்ள. தொடக்கம் மட்டும் கேக்குது."

பிறகுதான் வாவியோடு ஒப்பிடும் நாள் வந்தது. சபையின் நோக்கமே அதுதான் அல்லவா? ஆனால் வாவி எழுவான்கரையிலிருந்து பார்த்தால் ஒரு நீலம், படுவான்கரையிலிருந்து பார்த்தால் இன்னொரு நீலம். காலையில் அவர்களுக்குச் சூரியன் முதுகில், எங்களுக்குக் கண்ணுக்குள். எந்தக் கரையின் கண்ணை நம்புவது? இதற்காகச் சபை இரண்டாகப் பிரிந்து இரண்டு கரையிலும் நாற்காலி போட்டது. பலகைகளை நடு வாவியில் நிறுத்த வேண்டும் என்று முடிவாயிற்று.

நடு வாவியில் நிற்கக் கூடியது பாதை ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை. அதை ஓட்டுபவர் கச்சி முகம்மது காக்கா; சோனகர் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். பாதையின் ஒரு பக்கத்தில் விடியல் பலகைகளையும் மறுபக்கத்தில் வைகறைப் பலகைகளையும் கட்டினார்கள். பாதைக்குள் சந்தைக்குப் போகும் சனம், நாலைந்து சைக்கிள், ஒரு கட்டுக் கீரை, கேதீஸ்வரி, நான்.

"என்ன சாமித்தம்பி அண்ணன், என்ட பாதையக் கலியாண வீட்டுப் பந்தல் மாதிரிச் சோடிச்சிரிக்காங்க" என்றார் காக்கா. "மாப்பிள ஆரு?"

"நீலம்."

"பொண்ணு?"

"அதுவும் நீலம்."

"அப்ப சொந்தத்துக்குள்ளதான் முடிச்சிரிக்காங்க."

நடுவில் பாதை நின்றது. எழுவான்கரையிலிருந்து தவிசாளர் ஒலிபெருக்கியில் கத்தினார்: "எங்களுக்கு விடியல் தெரிகிறது! மிகப் பொருத்தம்!" படுவான்கரையிலிருந்து கலாநிதி ஸியாம், கட்டடத்துக்கு முதுகைக் காட்டியபடி, பதிலுக்குக் கத்தினார்: "எங்களுக்கு வைகறை தெரிகிறது! மிகமிகப் பொருத்தம்!" நியாயத்துக்காகப் பாதையைத் திருப்பச் சொன்னார்கள். காக்கா திருப்பினார். மறுபடியும் திருப்பச் சொன்னார்கள். திருப்பினார். கீரைக்காரி, "என்ட கீரை வாடுது, இவங்களுக்கு என்ன வருத்தம்?" என்று பொதுவாகக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து வாடை ஒரு தள்ளுத் தள்ளியது. பாதை தானாகவே சுற்றியது. எத்தனை சுற்று என்று காக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அலை ஏறிப் பலகைகளின் பின்பக்கத்தில் சோக்கால் எழுதியிருந்த பெயர்களைக் கழுவிக்கொண்டு போய்விட்டது.

எழுவான்கரைத் துறைக்கு வந்தபோது எது விடியல், எது வைகறை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

றமீஸ் பலகைகளுக்கு முன்னால் நின்று, முதலில் ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றக் கண்ணை. வியர்வை அவருடைய நாலு பேனைகளையும் நனைத்தது. "சேர்..." என்றார்.

தவிசாளர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. அங்கேயே, துறையில், கீரைக்காரி உட்படக் கூடியிருந்த அனைவருக்கும் உரையாற்றினார்.

"எது எது என்று தற்போது சபைக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு என்பதில் சபை முன்னெப்போதையும்விட உறுதியாக இருக்கிறது. வித்தியாசம் எளிதாகத் தெரிந்தால் அதைக் காண்பதற்கு ஒரு சபை எதற்கு? யாருக்கும் தெரியாத வித்தியாசத்தைக் காப்பாற்றவே நாங்கள் இருக்கிறோம்."

கேதீஸ்வரி அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறத்தைப் பார்க்கவில்லை. கிட்டப் போய் விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு அடுக்கி வைத்த பழைய பலகைகளையும் பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய விரல் மடியத் தொடங்கியது. இந்த முறை அவள் பிள்ளைகளை எண்ணவில்லை.

அடையாளம் காணும் உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. அது கூடுவதற்குமுன் மழை வந்துவிட்டது.

எங்கள் பக்கத்து மாரியை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிரான் பக்கத்து வயல் வட்டைகள் எல்லாம் நிறைந்து, அந்தத் தண்ணீர் வாவிக்குள் இறங்கியது. வாவி பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. நீலம் எங்கேயும் இல்லை. இனி எதோடு ஒப்பிடுவது? தவிசாளர் இதைத் தன்மீது தொடுக்கப்பட்ட சவாலாகவே எடுத்துக்கொண்டார். பழைய துறையின் தூண் ஒன்றில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. நான் கண்ணாடி போட்டு வாசித்தேன்:

"வாவியின் தற்போதைய நிறம் சபையின் ஒப்புதல் பெறாதது. தெரிவுப் பணிகள் முடியும் வரை முன்னைய நிறம் பேணப்பட வேண்டும்."

அதை அவர்கள் கொஞ்சம் தாழ்வாக ஒட்டிவிட்டார்கள். தண்ணீர் ஏறி வந்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாக அதை வாசித்தது. வாசித்து முடித்ததும் மேலே போனது.

வாவி இப்படி நிறைந்தால் முகத்துவாரத்தில் மண்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது வழக்கம். விட்டால்தான் வட்டையில் நெல் தப்பும். சபை உடனே அதற்கும் ஒரு கடிதம் எழுதியது: வெட்டினால் கடல் தண்ணீர் உள்ளே வந்து வாவியின் நிறம் மாறும், ஆகவே நிறம் தெரிவாகும் வரை வெட்ட வேண்டாம். கிரானிலிருந்து விவசாயிகள் மண்வெட்டிகளோடு ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து சபை அலுவலக வாசலில் இறங்கினார்கள்.

"ஆருடா எங்கட வெள்ளாமைக்கு நீலம் பூசுறவன்?" என்று முன்னால் நின்றவர் கேட்டார்.

றமீஸ் சன்னலுக்குப் பின்னாலிருந்து, "இது நீலம் இல்ல ஐயா, வெளிறிய நீலம்" என்றார். அந்த மனுசனை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த தொழில் அது.

அந்தக் கிழமை முழுதும் எங்கள் பிள்ளைகள் தோணியில் போனார்கள். வேறு வழி இல்லை. வருட இறுதிக் கலைவிழாவுக்கு எதிர்க்கரைப் பாடசாலை வரச் சொல்லியிருந்தது. வராத பிள்ளையின் இடம் அடுத்த வருடம் வேறு பிள்ளைக்குப் போகும். கேதீஸ்வரி தோணியின் நடுவில் நின்றாள், இருக்கவில்லை. பிள்ளைகள் பொலித்தீனுக்குள் ஒடுங்கியிருந்தார்கள். தலைகள் தெரியவில்லை, அதனால் அவள் முழங்கால்களை எண்ணினாள். ஒரு அலை வந்து தோணியைத் தூக்கிப் போட்டது. பொலித்தீனுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் முழங்கால்களை மறுபடியும் எண்ணினாள். கரை சேர்ந்ததும் முழங்கால்களின் எண்ணிக்கையை இரண்டால் வகுத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அப்படியே நனைந்த சேலையோடு பஸ் ஏறிப் புளியந்தீவுக்குப் போனாள். நானும் போனேன், அவளுடைய முகத்தைக் கண்டால் நீங்களும் போயிருப்பீர்கள்.

சபை அலுவலகத்துக்குள்ளும் தண்ணீர் வந்து போயிருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. ஆனால் நாங்கள் போன நேரம் இரண்டு ஆட்கள் ஏணியில் நின்று சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள். அதுவும் வேப்பம்பழ மஞ்சள்.

"இது எந்தக் குழு தெரிவுசெஞ்சது ஐயா?" என்று கேட்டேன்.

"குழுவா?" தவிசாளர் திகைத்தார். "கடையில் இருந்தது, வாங்கினோம். அலுவலகம் அல்லவா? இங்கே மனிதர்கள் இருந்து வேலை செய்ய வேண்டுமே!"

கேதீஸ்வரியின் சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சுவரைப் பற்றி இம்முறை ஒரு சொல்லும் எடுக்கவில்லை.

"சேர், ஒரு சின்ன உதவி. துறையடியில அந்தப் பழைய மாதிரிப் பலகையள் கிடக்குதே. அதுகள் சபைக்குத் தேவையா?"

"பார்த்த நீலம் பழைய நீலம். விதிப்படி அவை கழிவு."

"அப்ப நான் எடுக்கட்டா?"

தவிசாளர் றமீஸைப் பார்த்தார், றமீஸ் கூரையைப் பார்த்தார். கழிவை அகற்றுவதற்கு எந்த விதியிலும் தடை இருக்கவில்லை. ஏனென்றால் அதுவரை எவரும் கேட்கவில்லை.

"எடுங்க டீச்சர்" என்றார் றமீஸ், தாழ்ந்த குரலில். "ஆணி இரிக்கா?"

அவர் அதை ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை கட்டடத்தைத் தாண்டிய அன்று அவர் கண்ணை முழுதாக மூடாமல் விட்டிருக்கலாம்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு பகலில் கச்சி முகம்மது காக்கா பாதையை வெறுமையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். பிள்ளைகளின் தகப்பன்மார் பலகைகளை ஏற்றினார்கள். இந்த முறையும் விடியல் ஒரு பக்கம், வைகறை ஒரு பக்கம் என்று யாரோ பகிடிக்குச் சொன்னார்கள். "எந்தப் பக்கம் எதுவெண்டு நான் கேக்க மாட்டன். எனக்குத் தலை சுத்தும்" என்றார் காக்கா. மாலைக்குள் எங்கள் பாலர் பாடசாலை நாலு பக்கமும் வெளிறிய நீலமாக நின்றது. என் வீட்டில் இருந்த கதவையும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சாவியை நான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தலைவர் என்ற முறையில் நான் செய்த ஒரேயொரு வேலை அதுதான்.

மறுநாள் காலை பிள்ளைகள் அதற்குள் இருந்து பாடினார்கள். வெளியே மழை. ஒரு தோணியும் ஓடவில்லை.

படுவான்கரையில் ஒரு நீலக் கட்டடம் எழும்பியிருக்கிறது என்ற செய்தி புளியந்தீவுக்குப் போகாமல் இருக்குமா? யாரோ எழுவான்கரையிலிருந்து படம் பிடித்துத் தொலைபேசியில் அனுப்பிவிட்டார்கள். அதே கிழமை தவிசாளர், கலாநிதி, றமீஸ், ஒரு படப்பிடிப்பாளர், ஒரு சிவப்பு நாடா, எல்லோரும் வந்து இறங்கினார்கள். தவிசாளர் இந்த முறை முன்பக்கமாக நடந்தார். கட்டடத்துக்கு எதிரே வந்து நின்று கோபத்தோடு கேட்டார்:

"சபையின் ஒப்புதல் இல்லாமல் இந்த நீலத்தைப் பூசியது யார்?"

"சபைதான் ஐயா" என்றேன். "இதில சபை பூசாத இடம் ஒரு விரலளவும் இல்ல."

சத்தியம், அதுவும் உண்மை.

அவர் யோசித்தார். அவருடைய நெற்றியில் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முகம் தெளிந்தது. படப்பிடிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"நிறம் தெரிவாகும் முன் கட்டடத்தைப் பார்க்கக் கூடாது என்பது விதி. நான் இப்போது பார்த்துவிட்டேன். விதியை நான் மீற மாட்டேன். ஆகவே, நிறம் ஏற்கெனவே தெரிவாகிவிட்டது."

கைதட்டினோம். வேறு என்ன செய்வது? மழையும் கைதட்டியது.

"விடியல்!" என்றார் தவிசாளர். "பார்த்த உடனே தெரிகிறது."

"வைகறை" என்றார் கலாநிதி ஸியாம்.

இருவரும் கட்டடத்தைச் சுற்றி இரண்டு பக்கமாகப் போனார்கள். பின்பக்கத்தில் சந்தித்தபோது தவிசாளர் வைகறை என்றார், கலாநிதி விடியல் என்றார். அங்கே ஓர் உடன்பாடு ஏற்படாத நிலையில் நாடா வெட்டப்பட்டது. சபையின் வரலாற்றிலேயே திறக்கப்பட்ட முதல் கட்டடம் எங்களுடையது.

தவிசாளர் தன் உரையின் கடைசியில் சுவரண்டை போய்த் தன் மோதிர விரலால் தட்டினார். டொக், டொக் என்றது.

"கேட்டீர்களா?" என்றார். "நிறம் சரியாக இருந்தால் சுவருக்கு எவ்வளவு உறுதி வந்துவிடுகிறது!"

றமீஸ் தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேதீஸ்வரி உள்ளே இருந்தாள். பிள்ளைகளை ஒருமுறை எண்ணினாள். மறுமுறை எண்ணவில்லை. தோணி புரண்ட மாரிக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு கதிரையில் முதுகு சாய்த்து இருந்தாள்.

அந்தக் கட்டடத்துக்கு இன்று வரை சுவர் கட்டப்படவில்லை.